வலிக்குச் சாட்சி

சாட்சி சொல்ல வருகிறவர் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று மையத்திலிருந்து இரண்டு தடவை குறுஞ்செய்தி வந்திருந்தது. தணிகாசலம் அதைப் படித்துவிட்டு, நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

"வாந்தி வரும்னு போட்டிருக்காங்களே" என்றாள் மங்கை.

"பிரசவ வலியா பார்க்கப் போறேன்? உன் இடுப்பு வலியைத்தானே. ஸ்கூட்டர்ல ஏறு" என்றான்.

அவள் ஏறினாள். ஏறுவதற்கு முன் ஒரு கையைச் சுவரில் ஊன்றி மூச்சை இழுத்து விட்டாள். ஆறு வருடமாக அப்படித்தான் ஏறுகிறாள். அவனும் ஆறு வருடமாக அந்த நேரத்தில் கைப்பிடியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான்.

தணிகாசலத்தைக் கெட்டவன் என்று வாலாஜாவில் ஒருத்தரும் சொல்ல மாட்டார். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பது அவன் தொழில். வண்டிகள் தாமாக ஓடுகிற காலம் வந்துவிட்டது, ஆனாலும் உரிமம் வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைப் பிடித்து எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும் என்ற விதியை எடுக்க யாருக்கும் இன்னும் மனசு வரவில்லை. அதனால் அவன் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்ள வருகிற அம்மணி பதற்றத்தில் வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டால், "பரவாயில்லைம்மா, ஏறினது ஏறிட்டோம், கொஞ்சம் காத்து வாங்கிட்டு இறங்குவோம்" என்பான். அந்தப் பொறுமைக்காகவே ஊர்ப்பெண்கள் அவனிடம் வந்தார்கள். "உங்க வீட்டுக்காரம்மா கொடுத்து வச்சவங்க சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். மின்சார மீட்டர் பூட்டுகிற கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஊர் முழுக்க சிக்குன்குனியா வந்தபோது அவளுக்கும் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போனது. வலி போகவில்லை. தோளில் ஆரம்பித்து, மணிக்கட்டுக்குப் போய், இடுப்பில் வந்து குடியிருந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. ஒன்றும் இல்லை என்று கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மங்கைக்குத்தான் அதைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் தணிகாசலத்துக்கு ஒரு விளையாட்டு வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே, "என்ன, இடுப்பு எக்ஸ்பிரஸ் இன்னைக்கு எந்த ஸ்டேஷன்ல நிக்குது? தோளா, முட்டியா?" என்று கேட்பான். வீட்டுக்கு வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வேலூரில் ஒரு டாக்டர் தூக்கம் வரவும் மனசு தெளியவும் என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். தணிகாசலம் அதன் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தான். "இது மனநோய்க்குக் கொடுக்கிறதுடி. அப்ப வலி இடுப்புல இல்ல, மண்டையில. அங்க தைலம் தேய்ச்சா சரியாப் போச்சு" என்றான். மங்கை அந்த டாக்டரிடம் மறுபடி போகவில்லை.

இப்போது பிரச்சினை வேலையில் வந்திருந்தது. கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் லைனில் கிடந்த ஸ்டூல்களையெல்லாம் எடுத்துவிட்டான். ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே பூட்ட வேண்டும். உட்கார்ந்து வேலை செய்ய வேண்டுமானால் இருக்கை அட்டை வேண்டும். அட்டை வேண்டுமானால் வலிச்சாட்சி மையத்துக்குப் போக வேண்டும். மாதக் கடைசிக்குள் அட்டை இல்லாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"போனாப் போவுது, விட்டுடேன். என் வருமானம் போதாதா?" என்றான் தணிகாசலம்.

"அந்த லைன்ல நாலு பேரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. மீட்டர் கோணலா இருந்தா மங்கைகிட்ட காட்டுங்கன்னு சொல்றாங்க. அதையும் விட்டுட்டு நாள் முழுக்க வீட்டுல இந்த வலியோட தனியா கெடந்தா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியலைங்க" என்றாள் அவள்.

அப்படி அவள் நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று விடுப்புப் போட்டான்.

மையம் பழைய கல்யாண மண்டபம் ஒன்றில் இருந்தது. பந்திக் கூடத்தைத் தடுத்து ஆறு அறைகள் ஆக்கியிருந்தார்கள். வாசலில் மங்கையின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே அனுப்பினார்கள். அறையில் ஃபர்ஹானா என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், மேல்விஷாரத்துக்காரி. இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து இரண்டு பட்டைகள். அவ்வளவுதான் சாமான்.

"அக்கா கழுத்துல ஒரு பட்டை, உங்க தலையில ஒரு பட்டை" என்றாள் ஃபர்ஹானா. "அவங்க உடம்புல இந்த நிமிஷம் என்ன வலி இருக்கோ, அது அப்படியே உங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷம். வலி மட்டும்தான் வரும், காயம் எதுவும் ஆகாது."

"எனக்கு பிபி இருக்கேம்மா."

"அளவு பார்த்துட்டோம் சார், ஒண்ணும் ஆகாது."

"அது சரி, டாக்டர் சர்டிபிகேட் போதாதா? மிஷினே நம்பர் காட்டாதா? புருஷன் எதுக்கு?"

ஃபர்ஹானா இந்தக் கேள்விக்குப் பல தடவை பதில் சொல்லியிருப்பாள் போல. "சர்டிபிகேட் கடையிலயே கிடைக்க ஆரம்பிச்சிடுச்சு சார். அப்புறம் மிஷின் நம்பரை மட்டும் வச்சுப் பார்த்தாங்க. எட்டுன்னா என்ன, அஞ்சுன்னா என்னன்னு அட்டை கொடுக்கிற போர்டுல இருக்கிறவங்களுக்குப் புரியலை. ஒரு மனுஷன் பட்டுப் பார்த்துட்டு வந்து சொன்னாத்தான் நம்புறாங்க. அதான் ஒரே வீட்டுல அஞ்சு வருஷமாவது கூட இருந்தவங்க சாட்சி சொல்லணும்னு சட்டம்."

ஒரே வீட்டில் இருந்தவர்களைப் பற்றிச் சட்டம் எழுதியவர்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பட்டையை மாட்டினார்கள். தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். இடுப்பில் ஒரு கனம் வந்தது. மணிக்கட்டில் ஒரு இறுக்கம். தோளில் யாரோ கையை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. இதோ வரும், இதோ வரும் என்று பார்த்தான். மூன்று நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. அவன் ஜன்னல் வழியாக வெளியே ஒருவன் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவுதானா?" என்றான், ஃபர்ஹானா பட்டையைக் கழற்றும்போது.

"உறுதியா சொல்றீங்களா சார்? பத்துக்கு எவ்வளவு போடலாம்?"

"தாராளமா போட்டா மூணு."

"மூணுன்னா அட்டை கிடைக்காது சார்."

"இல்லாததை எப்படிம்மா இருக்குன்னு சொல்றது? சாட்சின்னு கூப்பிட்டிருக்கீங்க." எழுந்து கூடத்துக்கு வந்தவன், அங்கே முறைக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்ததும் வழக்கம்போல உற்சாகமாகிவிட்டான். "பயப்படாதீங்க, ஒண்ணுமே இல்ல. இதைவிட எனக்கு தினமும் சீட்டுல உட்கார்ந்தே வலிக்குது. நான் யார்கிட்ட அட்டை கேட்கிறது?" என்றான். கூடம் சிரித்தது. பின்னால் நின்ற மங்கையும் சிரித்தாள்.

அடுத்த நாள் காலைக்குள் விஷயம் குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் அவன்தான், வேறு யார்? சொந்தக்காரர்கள் குழுவில், 'ஆறு வருட மர்மம் பத்து நிமிடத்தில் முடிந்தது' என்று போட்டுப் பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்றும் வைத்தான். அவன் அக்கா சரோஜா அடுத்த தெருவிலிருந்து நடந்தே வந்தாள். "என் தம்பியே மாட்டிப் பார்த்துட்டானாமே. இனிமே யார்கிட்டயும் போய் அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு நிக்காத மங்கை. நமக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

மங்கை வலியைப் பற்றிப் பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். பொய்யில்லை, சுத்தமாக நிறுத்தினாள். தைல வாசனைகூட வீட்டில் இல்லை. கையை மேலே தூக்க முடியாததால் தலைமுடியைத் தாழ்வாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, நேரத்துக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போய், ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். தணிகாசலத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பத்து நிமிடத்தில் குணப்படுத்திவிட்டோமே என்று நினைத்துக்கொண்டான்.

எட்டாவது நாள் ஃபர்ஹானா போன் செய்தாள். "சார், நீங்க மட்டும் கொஞ்சம் வர முடியுமா? அக்காவைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் போனான். அவள் ஒரு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"அன்னைக்கு விரல்ல ரத்தம் எடுத்தோமே, அதோட ரிசல்ட். வலி மாத்திரை சாதாரணமா சாப்பிடுறதைவிட மூணு மடங்கு ரத்தத்துல இருந்திருக்கு. மையத்துக்கு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டிருக்கணும். சாட்சி செல்லாது சார்."

தணிகாசலத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏமாத்தியிருக்காளா?"

"ஏமாத்துறவங்களை நான் தினமும் பார்க்கிறேன். வலி ஜாஸ்தியா காட்டணும்னு ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வருவாங்க, ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வருவாங்க. ஒருத்தர் கல்லு மேல படுத்துட்டு வந்தாரு. குறைச்சுக் காட்டணும்னு மாத்திரை போட்டுட்டு வந்தவங்களை இந்த மூணு வருஷத்துல இப்பத்தான் பார்க்கிறேன். நேத்து அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 'அவருக்கு பிபி இருக்கும்மா, தாங்க மாட்டாரு. எனக்குப் பழகிடுச்சு'ன்னு சொன்னாங்க."

தணிகாசலம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இருந்த எண்கள் எதுவும் அவனுக்குப் புரியவில்லை. கூடத்தில் தான் சொன்ன நகைச்சுவை மட்டும் வார்த்தை மாறாமல் ஞாபகத்துக்கு வந்தது. அவளும் சிரித்தாளே, சண்டாளி, ஏன் சிரித்தாள்? வெளியே வந்து குழாயைத் திறந்து மூன்று தடவை முகத்தைக் கழுவினான். வெட்கம் கழுவினால் போகிற சமாச்சாரமா என்ன? அடுத்த வகுப்புக்கு வந்த பெண்ணிடம், தலைவலி, நாளைக்கு வாம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். போனதும் வாயில் வந்தது வேறு. "ஏன்டி எங்கிட்ட சொல்லலை? ஊரு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டியே!"

மங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா?" என்று மட்டும் கேட்டாள். குழுவில் போட்டதை அழிக்கலாம் என்று போனை எடுத்தான். எல்லோரும் படித்து முடித்து எட்டு நாள் ஆகியிருந்தது.

இன்னொரு வாய்ப்பு இருந்தது. சாட்சி செல்லாமல் போனால் நாள் பதிவு எடுக்கலாம் என்று விதி. கழுத்துக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு. அது ஒரு நாள் முழுக்க அவள் வலியைப் பதிந்துகொள்ளும். அதைச் சுருக்கிச் சாட்சியின் தலையில் ஓட்டுவார்கள். மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. தணிகாசலம் தானே போய் மனுவில் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை வெறும் வயிற்றோடு போவது, எவ்வளவு வலித்தாலும் நடுவில் கழற்றச் சொல்லாமல் இருப்பது, பத்துக்குப் பத்து என்று ஓங்கிச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டான். அப்படி முடிவு செய்ததிலேயே பாதி பாவம் கழிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிட்டது. மனுஷ மனசு இருக்கிறதே, அதற்கு இது போதும்.

நாள் பதிவு எடுத்த மறுநாள் இருவரும் மையத்துக்குப் போனார்கள். மங்கையைக் கூடத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஃபர்ஹானா அவனை மட்டும் உள்ளே கூட்டிப் போனாள்.

"இருபத்தி நாலு மணி நேரத்தை நாற்பது நிமிஷமா சுருக்கியிருக்கோம். நேரத்தை நான் அப்பப்ப சொல்லிட்டே வர்றேன். ஒண்ணு சொல்லிடுறேன் சார். பத்து நிமிஷத்துல அவ்வளவா தெரியாது, நாள் முழுக்கன்னா வலியோட ஒட்டிக்கிட்டு இருக்கிறதும் சேர்ந்தே வரும். பயம், துக்கம், எல்லாமே. ரெண்டையும் பிரிச்சுக் கொடுங்கன்னு ஆரம்பத்துல போர்டு கேட்டாங்க. ரெண்டும் ஒரே வழியிலதான் வருது, பிரிக்க முடியாதுன்னு இன்ஜினியருங்க எழுதிக் கொடுத்துட்டாங்க."

"ஓட்டும்மா" என்றான் தணிகாசலம்.

"காலை நாலரை" என்றாள் அவள்.

கண் திறப்பதற்கு முன்பே இடுப்பில் அது இருந்தது. புரண்டு படுக்கலாம் என்று நினைத்த மாத்திரத்தில் முதுகெலும்பு நெடுக ஒரு கம்பியை முறுக்கினார்கள். எழுந்து உட்காரவே மூன்று முயற்சி ஆயிற்று. அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். குக்கர் மூடியைத் திருகும்போது மணிக்கட்டு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. 'ஆறு' என்றாள் ஃபர்ஹானா, 'ஏழரை' என்றாள். லைனில் நின்றான். பாதம் எரிந்தது, அந்த எரிச்சல் தொடை வழியாக ஏறி இடுப்பில் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு திருகாணிக்கும் தோளில் ஒரு வெட்டு. நூறு வரைக்கும் எண்ணினான், அப்புறம் எண்ண முடியவில்லை.

வலியைக்கூடத் தாங்கிவிடலாம் போலிருந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் அவனுக்குப் புரியவில்லை. யாரிடமோ எதற்கோ மன்னிப்புக் கேட்க வேண்டும் போல ஒரு தவிப்பு. யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்ற கூச்சம். வலிப்பதே தன்னுடைய திருட்டுத்தனம் மாதிரியும், எந்த நிமிடமும் பிடிபட்டுவிடுவோம் என்பது மாதிரியும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. பகல் இரண்டு மணி வாக்கில், இப்படியே எங்கேயாவது விழுந்து எழுந்திருக்காமல் போனால் நன்றாயிருக்கும் என்று ஒரு நினைப்பு, ரொம்பச் சாதாரணமாக, குடை எடுத்தோமா என்று நினைக்கிற மாதிரி வந்துவிட்டுப் போனது. தணிகாசலத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் இவள் இதோடு பக்கத்தில் படுத்திருந்தாளா?

"கழற்றிடவா சார்?"

"வேணாம். ஓட்டு."

"சாயங்காலம் அஞ்சேகால். வீட்டுக்கு வந்துட்டாங்க. அஞ்சரை, தரையில படுத்திருக்காங்க."

அப்பாடா என்றிருந்தது. சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி எலும்பில் இறங்க இறங்க, கம்பியின் முறுக்கு ஒவ்வொன்றாகக் கழன்றது. வலி போகவில்லை, ஆனால் தள்ளி உட்கார்ந்தது. நெஞ்சடைப்பு விட்டது. அந்தக் கூச்சம்கூட இல்லை. நாள் முழுவதிலும் அவளுக்கு இருந்த நல்ல நேரம் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. அவளோடு சேர்ந்து அவனும் மூச்சு விட்டான்.

திடீரென்று எல்லாம் இறுகியது. கழுத்து, தோள், தாடை, இடுப்பு, ஒன்று பாக்கியில்லாமல். காலையில் எழுந்தபோதுகூட இப்படி இல்லை. வயிறு சுருண்டு மேலே வந்தது. தணிகாசலம் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். ஃபர்ஹானா வாளியை நகர்த்தி வைத்தாள்.

"இது என்னம்மா? விழுந்துட்டாளா? என்ன நேரம் இது?"

"ஆறு இருபது." ஃபர்ஹானா ஓட்டத்தை நிறுத்தினாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இதைப் பத்திதான் உங்ககிட்ட கேட்கணும்னு இருந்தேன். நாள் முழுக்க நாலு ஏத்தம் இருக்கு. மூணுக்குக் காரணம் தெரியும். எழுந்தது, சமைச்சது, லைன்ல நின்னது. இந்த நாலாவதுதான் எல்லாத்தையும்விடப் பெருசு. இதுக்குக் காரணம் தெரியலை. காரணம் எழுதாத ஏத்தத்தை போர்டு கற்பனைன்னு கழிச்சிடுவாங்க. இதைக் கழிச்சா மொத்தம் குறைஞ்சுடும், அட்டை வராது."

"ராத்திரிச் சமையலுக்கு எழுந்திருப்பா."

"எழுந்திருக்கலை சார். கீழ பாருங்க, அசைவுக் கோடு நேரா இருக்கு. படுத்தபடியேதான் இருக்காங்க. படுத்திருக்கும்போதே ஏறுது. உண்மையான காரணமா இருந்தா பதிவோட ஒத்துப் போகும், இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"அவளையே கேட்கிறதுதானே?"

"கேட்டேன். தெரியலைம்மான்னு சொல்லிட்டாங்க."

தணிகாசலம் திரையைப் பார்த்தான். நேற்று ஆறு இருபதுக்கு அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? தெருமுனையில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தான். நேற்று மட்டுமில்லை, எல்லா நாளும் கடைசி வகுப்பு ஆறுக்கு முடியும், ஆறு இருபதுக்கு அவன் வண்டி தெருவில் நுழையும். அதுவும் நேற்று ரொம்ப நல்ல மனசோடு வந்தான். நாள் பதிவு ஓடுகிற நாளாயிற்றே என்று அவளுக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தான். உள்ளே போய், நீ படுத்துக்கோ, நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னான். அவன் அதைச் சொல்வதற்கு முன்பே, கதவைத் தள்ளுவதற்கு முன்பே, வண்டிச் சத்தத்துக்கே அவள் உடம்பு இப்படி ஆகியிருக்கிறது.

கோடு கொஞ்ச தூரம் உச்சியிலேயே ஓடிவிட்டுச் சட்டென்று இறங்கியிருந்தது. "இது எப்ப?" என்று விரலை வைத்துக் கேட்டான்.

"ஏழு நாற்பது."

ஏழு நாற்பதுக்கு அவன் டீக்கடைக்குப் போனான்.

இருபது வருடத்தில் ஒரு நாள் கை நீட்டியதில்லை. கெட்ட வார்த்தை பேசியதில்லை. குடித்ததில்லை. இதையெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. யார் கேட்டார்கள் அதை? இந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒரு காரணம். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோனால் அவனுக்கு ஒரு குறையும் வராது. கூடத்தில் பெஞ்சில் இருப்பவளும் காட்டிக் கொடுக்க மாட்டாள். முதல் தேதியிலிருந்து அவள் வீட்டில் இருப்பாள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு.

"அது" என்றான். வகுப்பில் அத்தனை பேரைச் சிரிக்க வைக்கிற குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. "அது நான் வீட்டுக்கு வர்ற நேரம்மா."

ஃபர்ஹானா நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்காக அவன் அவளுக்குக் கும்பிடு போடலாம் போலிருந்தது. அவள் பாட்டுக்குத் தட்டினாள். பிறகு மெதுவாகப் படித்துக் காட்டினாள்.

"'காரணம்: கணவர் வீடு திரும்புதல்.' இப்படிப் போடலாமா சார்?"

"போடுங்க."

"வேற விவரம் ஏதாவது சேர்க்கணுமா சார், சண்டை, சத்தம்னு..."

"வேற இல்ல. அதான்."

காகிதம் அச்சாகி வந்தது. வலிக்கிறவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஃபர்ஹானா மங்கையை உள்ளே அழைத்தாள். மங்கை வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும், "ஐயோ, ரொம்ப வலிச்சுடுச்சா?" என்று பதறினாள். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவள் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கம்பெனியில் மீட்டரைச் சரிபார்க்கிற பழக்கம், வரி வரியாக விரலை வைத்துத்தான் படிப்பாள். முதல் ஏற்றம், இரண்டாவது, மூன்றாவது. விரல் நாலாவது வரியில் வந்து நின்றது.

தணிகாசலம் காத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து யார் அவனைப் பற்றி என்ன சொன்னாலும், அவரு அப்படியெல்லாம் இல்லைங்க என்று முந்திக்கொண்டு சொல்கிறவள் அவள். தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள், தன் சொந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இப்போதும் சொல்வாள். இதை அடிச்சிடும்மா, அவரு எதையோ நெனைச்சுக்கிட்டு சொல்றாரு என்பாள். அவள் அப்படிச் சொன்னால், இல்லை, இருக்கட்டும் என்று தான் பிடிவாதமாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்துக்கொண்டான்.

மங்கை அந்த வரியை இரண்டாவது தடவையும் படித்தாள்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள்.